ஆன்லைன் ரோல்பிளே உலகில் எந்த சர்வரைத் தேர்ந்தெடுப்பது: லயிப்பைக் கலைப்பவை பற்றிய ஓர் ஒப்பீடு

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் கூடி விளையாடும் ஆன்லைன் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில், தாம் ஏற்ற கதாபாத்திரமாகவே சில மணி நேரம் வாழ்ந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, எந்த விளையாட்டு என்ற கேள்வியைவிட எந்த வகையான சர்வர் என்ற கேள்வியே முக்கியமானது. ஒரே விளையாட்டின் இரண்டு சர்வர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, இரண்டு தனித்தனி விளையாட்டுகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு. இன்று நம் முன் உள்ள வழிகளை நான்காக வகுக்கலாம். பெரிய விளையாட்டு ஒன்றின் சாதாரண சர்வரில் நண்பர் குழுவோடு விளையாடலாம். அதே விளையாட்டில் ரோல்பிளேவுக்கென்று ஒதுக்கப்பட்ட சர்வரில் சேரலாம். சர்வர் பிரிவே இல்லாமல் எல்லாரையும் கலந்து வைக்கும் மெகாசர்வர் விளையாட்டை ஏற்கலாம். ஆட்டக்காரர்களே நடத்தும் சிறிய சர்வர் ஒன்றில் விண்ணப்பித்து நுழையலாம். லயிப்பைக் கலைப்பவை ஒவ்வொன்றிலும் வேறுபடுவதால், நம்மால் பொறுத்துக்கொள்ள முடியாதது எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

லயிப்பைக் கலைப்பது எது என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் பெயர்களைத்தான் சொல்வார்கள். எல்ஃப்களின் பழம்பெரும் தலைநகரில், எண்களும் கெட்ட வார்த்தையும் கலந்த பெயரைத் தலைக்குமேல் தாங்கிக்கொண்டு ஒருவர் ஓடினால் எரிச்சல் வருவது இயல்பு. பொதுச் சாட்டில் விளையாட்டுப் போட்டி முடிவுகளும் அரசியல் சண்டையும் ஓடுவது, விருந்து மேசையின்மீது யாரோ இடைவிடாமல் குதிப்பது, உண்மைப் பணத்துக்குக் கடையில் வாங்கிய மினுமினுக்கும் குதிரைகள் குக்கிராமத்தின் கிணற்றடியை நிரப்புவது ஆகியவை அடுத்தடுத்து வரும். இவை யாவும் மெய்யான தொல்லைகளே. ஆனால் சாட் பகுதியை மூடிவிடலாம், பெயர்ப்பலகைகளை மறைத்துவிடலாம், குதிப்பவரைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடலாம். சில வாரங்களில் கண்ணும் இவற்றைத் தாண்டிச் செல்லப் பழகிவிடும்.

பழக முடியாத கலைப்பு வேறொன்று உண்டு என்பது என் உறுதியான கருத்து. ஒரே இடத்தில் அருகருகே நிற்கும் இருவர் ஒரே உலகைக் காணாமல் போவதுதான் அது. இதன் மிகத் தெளிவான உதாரணம் ஃபேசிங் என்ற நுட்பம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2008-இல் வெளியிட்ட இரண்டாம் விரிவாக்கத்தில் இதைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியது. விளையாட்டு தரும் பணியான குவெஸ்ட் ஒன்றை முடித்ததும் எரிந்த கிராமம் மீண்டும் எழுந்து நிற்கும், எதிரி முகாம் நம் படையின் முகாமாக மாறியிருக்கும். தனியே விளையாடுகிறவருக்கு இது பெரும் நிறைவைத் தரும். தான் செய்ததற்கு உலகம் பதில் சொல்லிவிட்டது என்று அவர் உணர்வார். ஆனால் அந்தக் குவெஸ்டை முடிக்காத தோழி அதே இடத்துக்கு வரும்போது அவள் காண்பது எரியும் கிராமம். அவளுக்கு நான் தெரிவதில்லை. எனக்கு அவள் தெரிவதில்லை. வரைபடத்தில் இரு புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்க, அங்கே யாருமே இல்லை. 2010-இல் வந்த அடுத்த விரிவாக்கம் ஹைஜால் மலை போன்ற பகுதிகளை முழுக்க இப்படியே கட்டியதால், சேர்ந்து பயணிக்க நினைத்தவர்களுக்குச் சிரமம் இன்னும் கூடியது. ஒரு மோசமான பெயரைக் கண்டு முகம் சுளித்த பிறகும் உரையாடலைத் தொடரலாம். பேசிக்கொண்டிருந்தவர் காற்றில் மறைந்துவிட்டால் தொடர்வதற்கு எதுவும் இல்லை.

இதற்கு நெருங்கிய உறவுடையது, எல்லாரும் ஒரே நாயகனாக இருக்கும் சிக்கல். உலகைக் காக்கப் பிறந்த ஒரே ஒருவர் நீங்கள்தான் என்று கதை உங்களிடம் சொல்கிறது. அதே வாக்கியத்தைக் கேட்பதற்காக உங்கள் பின்னால் இன்னும் பலர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரே அரக்கனின் தலையைக் கொண்டுவந்த அத்தனை பேரையும் ஒரே அரசர் ஒரே சொற்களில் வாழ்த்துகிறார். ரோல்பிளேயில் முதிர்ந்தவர்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எளியது: முதன்மைக் கதையைத் தம் கதாபாத்திரத்தின் வரலாற்றில் சேர்க்காமல், தம்மை ஒரு காவலராகவோ வணிகராகவோ நாடோடிப் பாடகராகவோ வைத்துக்கொள்வது. தீர்வு நல்லதுதான் என்றாலும், விளையாட்டு தரும் மிகப் பெரிய பொருளை ஒதுக்கிவைக்கச் சொல்வதால் அதன் விலை சிறியதல்ல.

சில விளையாட்டுகள் தம் இயந்திரத் தேவைகளுக்கே உலகுக்குள் காரணம் கண்டுபிடித்திருக்கின்றன. தேர்வு செய்யும்போது இதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும். 2003 முதல் இயங்கும் ஈவ் ஆன்லைனில் இறந்தவர் மீண்டும் எழுவது குளோன் உடலில். அந்த உலகின் மாந்தரும் அதை அறிவார்கள், அதைப் பற்றிப் பேசுவார்கள். 2007-இல் வெளிவந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் உயிர்ப்புள்ளிகளே இல்லை. அவற்றின் இடத்தில் மன உறுதி இருக்கிறது. அது தீரும்போது கதாபாத்திரம் சாவதில்லை, தோற்றுப் பின்வாங்குகிறது. ஆகவே மின்ஸ்ட்ரல் என்ற பாணர் பாடி அதை மீட்பது மந்திரமாக இல்லாமல் உண்மையில் நடக்கக்கூடிய செயலாகத் தோன்றுகிறது. இத்தகைய விளையாட்டில், சண்டை முடிந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, சற்று முன் மூன்று முறை செத்த உண்மையை மறைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

இனி வழிகளைப் பார்ப்போம். சாதாரண சர்வரில் நண்பர் குழுவோடு விளையாடும் முதல் வழி தொடங்குவதற்கு மிக எளிது. விதிகளை எழுத வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். நால்வரோ ஐவரோ ஒப்புக்கொண்டால் போதும். குழுவுக்குள் லயிப்பு மிக ஆழமாகவும் அமையும், ஏனென்றால் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்திருப்பார்கள். இதன் குறை வெளியே இருக்கிறது. குழுவுக்கு அப்பால் உள்ள உலகம் முழுவதும் வெறும் பின்னணியாகிவிடும். வழியில் சந்திக்கும் அந்நியரிடம் கதாபாத்திரமாகப் பேசினால் பதிலுக்கு வருவது கேலி அல்லது மௌனம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2009 இறுதியில் வந்த டன்ஜன் ஃபைண்டர் போன்ற வசதிகள் இதைக் கூட்டின. வெவ்வேறு சர்வர்களைச் சேர்ந்த ஐந்து பேரை நொடியில் ஒன்றுசேர்த்து, பயணமே இல்லாமல், எதிரிகள் நிறைந்த நிலவறையான டன்ஜனின் வாசலுக்குள் இறக்கி, வேலை முடிந்ததும் கலைத்துவிடும் ஏற்பாடு அது. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு அது பெரும் உதவி என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மறுபடி சந்திக்கவே போவதில்லை என்று தெரிந்த ஒருவரிடம் யாரும் தம் கதாபாத்திரத்தின் ஊரையும் பகையையும் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. சிறிய குழுவின் இன்னொரு ஆபத்து, ஒருவர் விலகினாலே முழுக் கதையும் நின்றுபோவது.

ரோல்பிளே சர்வர் என்ற இரண்டாம் வழி அந்நியர்களிடமிருந்தும் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் ஐரோப்பியப் பகுதியில் ஆர்ஜென்ட் டான், அமெரிக்கப் பகுதியில் மூன் கார்ட், லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் லாரலின் ஆகியவை இதற்காகவே ஆட்கள் தேடிச் சென்ற சர்வர்கள். அதிகாரபூர்வமாக ரோல்பிளே என்று அறிவிக்கப்படாமலே ரோல்பிளே ஆட்டக்காரர்கள் குவிந்ததால் அந்தப் பெயர் பெற்ற லாண்ட்ரோவல் போன்றவையும் இருந்தன. இந்த சர்வர்களின் பெயர் விதிகளைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது, ஆட்டக்காரர்கள் தாமே சேர்த்துக்கொண்ட கருவிகளும் பழக்கங்களும்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் டோட்டல் ஆர்பி 3 என்ற ஆட்ஆனை, அதாவது விளையாட்டோடு சேர்க்கும் துணை நிரலை, நிறுவினால், எதிரே நிற்பவரின் முகத் தழும்பு, உடைநிலை, அவரைப் பார்த்தவுடன் தெரியக்கூடிய பண்பு ஆகியவற்றை அவர் எழுதிவைத்தபடி வாசிக்கலாம். விளையாட்டு தந்த முகங்களில் ஒன்றாக இருந்தவர் தனி மனிதராகிவிடுவார். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் ஆட்டக்காரர்கள் ஏபிசி குறிமுறையில் எழுதிய இசையைத் தம் கதாபாத்திரத்தின் வாத்தியத்தில் வாசிக்க முடியும். அதைக் கொண்டு குழுக்கள் உருவாகி, லாண்ட்ரோவலில் வெதர்டாப் குன்றின்மேல் வெதர்ஸ்டாக் என்ற இசைவிழாவையே ஆண்டுதோறும் நடத்தினார்கள். அங்கே வாசிப்பவரும் கேட்பவரும் ஒரே ஒலியை ஒரே நேரத்தில் கேட்டதே பெரிய விஷயம்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பெயர் விதியை நடைமுறைப்படுத்துவது நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு ஆள் ஒதுக்குவது செலவு. காலப்போக்கில் புகார்களுக்குப் பதில் தாமதமாவதும், ரோல்பிளே என்ற அடையாளம் பட்டியலில் ஒரு சொல்லாக மட்டும் எஞ்சுவதும் நடக்கின்றன. கூட்டத்தைத் தேடி வரும் தொல்லைக்காரர்களும் உண்டு. கல்யாணமோ இறுதிச்சடங்கோ நடக்கிறது என்று தெரிந்தால் அதைக் கலைப்பதற்கென்றே வருவார்கள். மேலும் 2012-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஆள் குறைந்த பகுதிகளில் பல சர்வர்களின் ஆட்டக்காரர்களைக் கலக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, தனி சர்வர் என்ற வேலியே மெலிந்தது. வெறிச்சோடிய பகுதிகளில் மனித நடமாட்டம் திரும்பியது நன்மை. கலந்து வருகிறவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அங்கே வாழ்கிறவர்களிடம் இல்லாமல் போனது இழப்பு.

மூன்றாம் வழியான மெகாசர்வர் இந்த இழப்பையே அடிப்படை அமைப்பாக்கிக் கொண்டது. கில்ட் வார்ஸ் 2 வெளிவந்த 2012-இல் டார்னிஷ்டு கோஸ்ட் என்ற சர்வர் ரோல்பிளே ஆட்டக்காரர்களின் தங்குமிடமாக, யாரும் அறிவிக்காமலே, உருவெடுத்தது. 2014 ஏப்ரலில் மெகாசர்வர் முறை வந்தபோது, ஒரே பகுதிக்கு உள்ள பல பிரதிகளில் எதில் யார் இறங்குவது என்பதைக் குழு, கில்ட் என்ற நிலையான ஆட்டக்காரர் சங்கம், மொழி, பழைய சர்வர் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு கணினி தீர்மானிக்கத் தொடங்கியது. நண்பர்களைச் சேர்க்க முயலும் கணக்குத்தான். ஆனால் சத்திரத்தில் தற்செயலாக நுழைந்து, அங்கே எப்போதும் உட்கார்ந்திருக்கும் முன்பின் அறியாத ஒருவரிடம் பேச்சுக்கொடுக்கும் வாய்ப்பை எந்தக் கணக்கும் காப்பாற்றுவதில்லை, ஏனெனில் அந்த இருவருக்கும் இடையே கணினி அறியக்கூடிய தொடர்பு எதுவும் இன்னும் பிறக்கவில்லை. ரோல்பிளேயின் உயிரே அந்தத் தற்செயலில்தான் இருக்கிறது. அந்த விளையாட்டில் இன்று ரோல்பிளே செய்கிறவர்கள் முன்கூட்டியே பேசிவைத்து, ஒருவரை ஒருவர் குழுவில் அழைத்து, சரியான பிரதிக்குள் இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014-இல் தொடக்கத்திலிருந்தே மெகாசர்வராக வந்தது. லயிப்புக்கு உகந்த பல கூறுகள் அதில் உண்டு: பேசும் மாந்தர் யாவருக்கும் குரல் உண்டு, கதாபாத்திரத்தின் கண்வழியே உலகைக் காணலாம், திரையில் சிதறிக்கிடக்கும் கட்டங்கள் தேவைப்படும்போது மட்டும் தோன்றும். இருந்தும் தொடக்க காலத்தில் குவெஸ்ட் நிலை வேறுபட்ட நண்பர்கள் ஒருவரை ஒருவர் காண முடியாமல் போன குறை பலமாகப் பேசப்பட்டது. 2016 அக்டோபரில் வந்த ஒன் டாம்ரியல் மாற்றம், லெவல் வேறுபாட்டையும் கூட்டணி எல்லைகளையும் தளர்த்தி, யாரும் யாரோடும் எங்கும் செல்லலாம் என்று ஆக்கியது. தூய ரோல்பிளே நோக்கில் எதிரிக் கூட்டணியின் மண்ணில் தடையின்றி உலவுவது பொருந்தாதுதான். ஆனால் ஒன்றாக நடக்கவே முடியாத நிலையோடு ஒப்பிட்டால் அந்தப் பொருத்தமின்மை மிகச் சிறிது.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இவ்விரு வழிகளுக்கும் இடையில் நிற்கிறது. தனித்தனி சர்வர்கள் இருக்கின்றன. அமெரிக்கப் பகுதியில் பால்மங், மேட்டியஸ் ஆகியவை ரோல்பிளேவுக்குப் பெயர்பெற்றவை. தான் ரோல்பிளே செய்கிறேன் என்று அறிவிக்கும் சின்னத்தைப் பெயருக்கு அருகில் வைத்துக்கொள்ள விளையாட்டே இடம் தருகிறது. இது சிறிய வசதிதான், ஆனால் அந்நியரை அணுகலாமா என்ற தயக்கத்தை நீக்கிவிடுகிறது. வீட்டுமனைப் பகுதிகளில் ஆட்டக்காரர்கள் சத்திரங்களும் மருத்துவமனைகளும் நூலகங்களும் திறந்து நடத்துகிறார்கள். மனைகளின் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது என்பதால் போட்டி கடுமை. கதைக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ள மோதலையும் இவ்விளையாட்டில் நன்கு காணலாம். முதல் கதைத்தொகுதியின் இறுதியில் எட்டுப் பேர் கூடிச் செய்த இரண்டு டன்ஜன்களில், கதைக் காட்சிகளைத் தாவிச் செல்கிறவர்கள் புதியவரை விட்டுவிட்டு ஓடியதால், காட்சிகளைத் தாவ முடியாதபடி செய்தார்கள். அனுபவசாலிகள் அங்கே சலித்துக் காத்திருந்தார்கள். 2022 ஏப்ரலில் அவற்றை நால்வருக்கானதாக மாற்றி, கணினி இயக்கும் துணைவர்களோடு தனியாகவும் முடிக்கலாம் என்று ஆக்கினார்கள். கதையில் ஆழ்ந்திருப்பவருக்கு அவசரத்தில் இருக்கும் அந்நியர்தான் மிகப் பெரிய இடையூறு என்பதை அந்த மாற்றம் ஒப்புக்கொண்டது.

நான்காம் வழியைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக ஆழமான லயிப்பும் மிகக் கசப்பான பிரிவுகளும் அங்கேதான் நிகழ்கின்றன. 2002-இல் வந்த நெவர்விண்டர் நைட்ஸ், ஆட்டக்காரர்களே உலகைக் கட்டும் கருவிகளையும், டன்ஜன் மாஸ்டராக ஒருவர் நேரடியாக உள்ளே வந்து மாந்தரை இயக்கும் வசதியையும் தந்தது. அதில் உருவான ஆரலித் போன்ற சர்வர்கள் ரோல்பிளேவைக் கட்டாய விதியாகவே வைத்திருக்கின்றன. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 விளையாட்டுக்கான ஃபைவ்எம் தளத்தில் இயங்கும் நகர வாழ்க்கை சர்வர்களும் இதே வகையைச் சேர்ந்தவை; ஒயிட்லிஸ்ட் என்ற அனுமதிப் பட்டியலில் இடம்பெறக் கதாபாத்திரத்தின் பின்கதையை எழுதிக் கொடுத்து, நேர்காணலிலும் தேற வேண்டியிருக்கும். மெட்டாகேமிங், அதாவது கதாபாத்திரம் அறிய வழியில்லாத செய்தியை ஆட்டக்காரர் வேறு வழியில் அறிந்து பயன்படுத்துவது, இங்கே தண்டனைக்குரியது. கொல்லப்பட்டு மீண்டவர் அந்தச் சாவுக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளை மறந்தவராக நடக்க வேண்டும் என்ற விதி பல சர்வர்களில் உண்டு.

இந்த வழியின் பெரிய வலிமை, உலகம் பதில் சொல்வதுதான். நீங்கள் பாலத்தை எரித்தால் பாலம் எல்லாருக்கும் எரிந்திருக்கும். மேயரைக் கொன்றால் அடுத்த வாரம் தேர்தல் நடக்கும். ஃபேசிங்கால் பிளவுபட்ட உலகில் கிடைக்காத ஒன்றை, சில பத்துப் பேர் மட்டுமே இருக்கும் சர்வர் தருகிறது. ஆனால் விதிகளே லயிப்பைக் கலைக்கும் இடமும் இதுதான். உச்சகட்டக் கொள்ளையின் நடுவே யாரோ ஒருவர் விதிமீறல் என்று புகார் எழுப்ப, எல்லாரும் உறைந்து நிற்க, நிர்வாகி வந்து பதிவான காணொளியைக் கேட்பது நடக்கும். அந்தக் காட்சி பிறகு எவ்வளவு நேர்மையாகத் தொடர்ந்தாலும் உயிரில்லாமல்தான் இருக்கும். நிர்வாகியின் நண்பர்களுக்கே பதவிகளும் அரிய ஆயுதங்களும் கிடைக்கின்றன என்ற ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால், உலகத்தின் ஒவ்வொரு பதிலும் யாருடைய விருப்பத்தால் வந்தது என்றே மனம் கேட்டுக்கொண்டிருக்கும். சர்வரை நடத்துகிறவர் சோர்ந்துபோனால் உலகமே அணைந்துவிடும் என்பதையும், மற்றவர்கள் கூடும் நேரம் நமக்கு நள்ளிரவாக அமைந்தால் இத்தனை நன்மைகளும் கைக்கு எட்டாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எழுத்து மட்டுமே கொண்ட மட் உலகங்களை இந்த ஒப்பீட்டில் தனி வழியாக வைக்கவில்லை, ஏனெனில் வாசிப்பில் விருப்பமுள்ள சிறு கூட்டத்துக்கே அவை பொருந்தும். எனினும் 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த முதல் மட்டிலிருந்தே இந்த விளையாட்டுகளின் வரலாறு வருகிறது. ஆர்மகெட்டன் போன்ற மட்களில் அந்நியர் ஒருவர் பெயரால் அல்லாமல், நெடிய உருவமும் கறுத்த தலைமுடியும் கொண்ட ஆள் என்பது போன்ற வருணனையால்தான் தெரிவார். அவரே சொன்னால்தான் பெயர் தெரியவரும். வரைகலை விளையாட்டுகள் பெயர்ப்பலகையால் உண்டாக்கிய சிக்கலை இந்த முறை தோன்றவே விடுவதில்லை.

ஈவ் ஆன்லைனையும் இங்கே குறிப்பிட வேண்டும், அது நான்கு வகைகளிலும் அடங்காமல், சீனாவுக்கு வெளியே உள்ள அனைவரையும் ஒரே விண்வெளியில், பிரதிகள் இல்லாமல் வைக்கிறது. பல்லாயிரம் பேர் ஒரே போரில் குவியும்போது சர்வர் திணறாமலிருக்க, அந்தப் பகுதியின் நேர ஓட்டத்தையே பத்தில் ஒரு பங்குவரை மெதுவாக்குகிறார்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தில் நடந்த போர் இவ்வாறு ஏறத்தாழ 21 மணி நேரம் நீண்டது. காலமே தேங்கும் போர் என்பது லயிப்பைக் குலைக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆயினும் அங்கே அழிந்த கப்பல்கள் எல்லாருக்கும் அழிந்தன. கலந்துகொள்ளாதவர்களும் அதன் விளைவுகளோடு வாழ்ந்தார்கள். பகிர்ந்த உலகம் உடையாதவரை மனம் பெரிய இயந்திரக் குறையையும் மன்னித்துவிடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்றை நான் காணவில்லை.

ஆகவே என் பரிந்துரை ஆளுக்கேற்ப மாறும். முதன்மைக் கதையை முழுமையாகச் சுவைக்க விரும்பி, பிறருடனான உரையாடலை இடையிடையே மட்டும் நாடுகிறவருக்கு எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் போன்ற மெகாசர்வர் போதுமானது; ரோல்பிளே கில்ட் ஒன்றில் சேர்ந்துகொண்டால் பிரதிச் சிக்கலும் பெருமளவு தீரும். வாரத்தில் எந்த நாளில் நேரம் கிடைக்கும் என்றே சொல்ல முடியாதவர், எப்போது நுழைந்தாலும் யாராவது கதாபாத்திரமாகப் பேசுவார்கள் என்ற உறுதியை நாட வேண்டும். அவருக்கு மக்கள் நிறைந்த ரோல்பிளே சர்வரே சரி, அங்கே வரும் தொல்லைகளைப் புறக்கணிப்புப் பட்டியல் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வாரமும் குறித்த மாலைகளை ஒதுக்கக்கூடியவர், தன் செயலின் விளைவு நிலைத்து நிற்க வேண்டும் என்று ஏங்குகிறவர், தோல்வியைக் கதையாக ஏற்கும் மனம் படைத்தவர் சிறிய சர்வருக்குச் செல்லட்டும். நான்கில் நான் உயர்வாக வைப்பதும் அதையே. சாதாரண சர்வரை, ஏற்கெனவே ஒன்றாக இருக்கும் நண்பர் குழுவுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். தனியாக அங்கே சென்று ரோல்பிளே தேடுவது வீண் அலைச்சல்.

சிறிய சர்வரில் சேர்வதற்கு முன் விதிப்பக்கத்தை வாசித்தால் மட்டும் போதாது. கூட்டம் மிகுந்த நேரத்தில் அதன் பொதுவிடத்துக்குச் சென்று, புதியவராக ஒரு கேள்வியைக் கதாபாத்திரத்தின் வாயால் கேட்டு, யார் பதில் சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். நிர்வாகிகள் மட்டுமே திரும்பிப் பார்த்தால் அந்த சர்வர் இன்னும் சிலருடைய தனிப்பட்ட மேடையாகவே இருக்கிறது. அண்மையில் நடந்த தகராறு ஒன்றை எப்படித் தீர்த்தார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும்: காட்சியை நடுவில் நிறுத்தித் தீர்ப்புச் சொன்னார்களா, காட்சி முடியும்வரை விட்டுப் பிறகு பேசினார்களா என்பதற்குக் கிடைக்கும் பதிலை வைத்தே விண்ணப்பிக்கலாமா என்பதை முடிவு செய்யலாம்.